போயா வாரமும் காங்கேசன்துறைக் கடற்கரையும்

இலையுதிர் காலம் என்ற சொல்லை எங்கள் தலைமுறையினர் பாடப்புத்தகத்தில் படித்தே அறிந்தார்கள். அதைக் கண்ணால் கண்டது புலம்பெயர்ந்த பின்னர்தான். இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் வளரும் நம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஒக்டோபர் மாத வார இறுதிகளில் நண்பர்களோடு சேர்ந்து, மரங்கள் சிவந்து நிற்கும் பூங்காக்களுக்கும் அப்பிள் தோட்டங்களுக்கும் போய்வருகிறார்கள். அவர்களுள் ஒருவர் அண்மையில் என்னிடம், "மாணவராக இருந்தபோது நீங்கள் எங்கே போனீர்கள்?" என்று கேட்டார். காங்கேசன்துறைக்குப் போனோம் என்றேன். அவர் அறிந்த காங்கேசன்துறை, செய்திகளில் வரும் துறைமுகமும் உயர் பாதுகாப்பு வலயமுமே. அங்கே பையன்கள் பொழுதுபோக்கப் போனார்கள் என்பதை அவரால் நம்ப இயலவில்லை. அந்த ஐயமே இதனை எழுதத் தூண்டிற்று.

யாழ்ப்பாணத்தில் இலை சிவந்து உதிரும் பருவம் கிடையாது. பழந்தமிழ் இலக்கணம் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தபோது ஆவணியும் புரட்டாசியும் கார் என்றும், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் என்றும் பெயர் பெற்றன. குடாநாட்டு மக்கள் இந்தப் பருவ மாற்றத்தைக் காற்றைக் கொண்டே அறிவார்கள். வைகாசி முதல் புழுதியை வாரியிறைத்த சோளகக் காற்று புரட்டாசியில் தளரும். அதன் பின் சில வாரங்கள் காற்று எத்திசையினது என்று சொல்ல முடியாத ஓர் இடைவேளை. பிறகு மழையோடு வாடை புறப்படும். வாடை தொடங்கிவிட்டால் வடகரைக் கடல் கொந்தளிக்கும்; ஒழுங்கைகளில் வெள்ளம் நிற்கும்; சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போகவேண்டும். ஆகவே அந்த இடைவேளையே எங்களுக்கு உலாப் பருவம். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் தவணை நடந்துகொண்டிருக்கும். டிசம்பரில் பரீட்சை வருமென்று தெரியும். ஆனால் அது இன்னும் வந்துவிடவில்லை. பனங்காய் விழுந்து முடியும் காலம் அது. வீடுகளில் பனங்காய்ப் பணியாரம் கிடைக்கும்.

காங்கேசன்துறையின் வரலாற்றை எழுதுவோர் வழக்கமாகச் சில செய்திகளைக் குறிப்பிடுவார்கள். ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் தொகுத்த யாழ்ப்பாண வைபவமாலையிலும் செவிவழி மரபிலும் வரும் கதை முதலாவது. குதிரை முகம் வாய்த்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி கீரிமலையில் நீராடி அம்முகம் நீங்கப்பெற்றாள். மா விட்ட புரம் மாவிட்டபுரமாயிற்று. அங்கே எழுந்த கோயிலுக்குக் காங்கேயன் திருவுருவம் வந்திறங்கிய துறை காங்கேயன்துறையாகிப் பின்னர் காங்கேசன்துறையாயிற்று என்பர். அடுத்து 1893 இல் எழுந்த வெளிச்சவீடு. பின்னர் புகையிரதம். 1902 இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே, கொழும்போடு தொடர்பு ஏற்படுவதற்கு முன்னரே, குடாநாட்டுக்குள் புகையிரதம் ஓடத் தொடங்கிவிட்டது. 1905 இல் வடபாதை முழுமையடைந்தது. 1950 இல் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிற்று. ஜி. ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில் வடக்கு கிழக்கில் தோன்றிய மூன்று பெரிய ஆலைகளுள் அது ஒன்று; மற்றவை பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் வாழைச்சேனைக் காகித ஆலையும். அரசியலை எடுத்துக்கொண்டால், தந்தை செல்வா நாடாளுமன்றம் சென்றது காங்கேசன்துறைத் தொகுதியிலிருந்து. 1972 இல் அவர் பதவி துறந்ததும், 1975 பெப்ரவரியில் நடந்த இடைத்தேர்தலில் மீண்டும் வென்றதும் தமிழர் அரசியலில் திருப்பங்கள்.

இவையெல்லாம் உண்மை, எழுதப்படவேண்டியவையும்தான். ஆனால் ஓய்வு நாளில் ஒரு மாணவன் தன் நண்பர்களோடு அந்தக் கடற்கரைக்குப் போய்வர முடிந்தது என்பதும் வரலாறே. அது நடந்துகொண்டிருந்த காலத்தில் எவரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. அது இல்லாமற்போன பிறகுதான் அதற்கு ஒரு தொடக்கமும் முடிவும் இருந்தன என்பது தெரிந்தது.

நான் மாணவனாக இருந்த காலத்தில் இலங்கையின் வார இறுதியே விசித்திரமாக இருந்தது. இன்றைய இளையோருக்கு இது புதிய செய்தியாக இருக்கலாம். டட்லி சேனநாயக்கா அரசு 1966 ஜனவரி முதல் சனி, ஞாயிறு ஓய்வை நீக்கி, போயா நாளையும் அதற்கு முந்திய நாளையும் வார இறுதியாக்கிற்று. அமாவாசை, வளர்பிறை அட்டமி, பௌர்ணமி, தேய்பிறை அட்டமி என்று நிலவின் நான்கு நிலைகளுக்கும் விடுமுறை. நிலவு ஏழு நாட்கணக்குக்குக் கட்டுப்பட்டு நடப்பதில்லை. எனவே சில வாரங்களில் ஒரு நாள் கூடுதலாக வேலையும் படிப்பும் இருக்கும். இந்த வாரம் செவ்வாயும் புதனும் விடுமுறையென்றால், சில வாரங்களில் அது புதனும் வியாழனுமாக நகர்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமையில் அலுவலகமும் பள்ளிக்கூடமும் நடந்தபடியால் கிறிஸ்தவக் குடும்பங்கள் பூசைக்குப் போவதில் பட்ட சிரமம் கொஞ்சமன்று. வெளிநாட்டு வங்கிகளோடும் வணிகர்களோடும் தொடர்புடையவர்களும் அல்லற்பட்டார்கள். 1971 இல் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டுச் சனியும் ஞாயிறும் மீண்டன. பௌர்ணமி நாள் மட்டும் பொது விடுமுறையாக இன்றுவரை நிலைத்திருக்கிறது.

பௌத்தப் பெரும்பான்மையை மனத்திற்கொண்டு செய்யப்பட்ட ஏற்பாடு அது. ஆயினும் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில் அதற்கு எதிர்பாராத ஒரு விளைவு இருந்தது. தந்தையை இழந்தவர்கள் அமாவாசையிலும் தாயை இழந்தவர்கள் பௌர்ணமியிலும் விரதமிருப்பது எங்கள் வழக்கம். அந்த ஐந்தரை ஆண்டுகளில் எல்லா அமாவாசையும் எல்லாப் பௌர்ணமியும் விடுமுறையாயின. கீரிமலைக்குப் பிதிர்க்கடன் செலுத்தப் போகும் பெரியவர்களும், நீந்தப் போகும் பையன்களும் ஒரே நாளில் ஒரே வீதியில் போனார்கள்.

எங்கள் வீடு கொக்குவிலில். படித்தது நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில். வகுப்பில் என்னோடு படித்தவர்களில் பாதிப்பேர் காலைப் புகையிரதத்தில் வருபவர்கள். காங்கேசன்துறை, மாவிட்டபுரம், தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம், இணுவில், கோண்டாவில், கொக்குவில் என்று நிலையத்துக்கு நிலையம் மாணவரையும் எழுதுவினைஞரையும் ஏற்றிக்கொண்டு அது யாழ்ப்பாணம் வரும். 18 கிலோமீற்றர் அளவுதான் தூரம். ஆனால் அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் ஓர் ஊரானுக்கு அடுத்த ஊரில் உறவினர் இருந்தாலன்றிப் போக்குவரத்து இராது. கலியாணமும் கோயிலும் சந்தையுமே ஊர்களை இணைத்தன. உறவும் சாதியும் பாராமல் அயலூர்ப் பையனை நண்பனாக்கியது பள்ளிக்கூடமும் பருவச் சீட்டும்தான். வாரநாளில் அவர்கள் எங்களிடம் வந்தார்கள். விடுமுறையில் நாங்கள் அவர்களிடம் போனோம். எங்கள் உலாக்களின் இயக்கம் இவ்வளவுதான். பெண் பிள்ளைகளுக்கு இந்தச் சுதந்திரம் கிடையாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவர்கள் கோயில் திருவிழாவுக்கு வீட்டாரோடும், கல்விச் சுற்றுலாவுக்கு ஆசிரியைகளோடும்தான் கீரிமலையைக் கண்டார்கள்.

கையில் காசு இருந்தால் புகையிரதம், இல்லையென்றால் சைக்கிள். பெரும்பாலும் சைக்கிள்தான். நான்கு பேருக்கு இரண்டு சைக்கிள் போதும். காங்கேசன்துறை வீதி கோணல் அதிகமில்லாத வீதி. தாவடிப் புகையிலைத் தோட்டங்கள், இணுவில், மருதனார்மடம், சுன்னாகச் சந்தை, மல்லாகம் என்று போகும். தெல்லிப்பழையைத் தாண்டினால் செம்மண்ணின் நிறம் கூடிக்கொண்டே வரும். மாவிட்டபுரம் கோயிலடியில் இறங்கி ஒரு கும்பிடு. அங்கிருந்து இடப்பக்கம் திரும்பினால் கீரிமலை. நேரே போனால் துறைமுகம்.

கீரிமலைக் கேணியைப் பற்றி வெளிநாட்டில் பிறந்தவர்களுக்குச் சற்று விளக்கவேண்டும். கடலுக்கும் கேணிக்கும் இடையே ஒரு மதிலின் அகலம்தான். கடல் நீர் உப்பு. கேணி நீர் நன்னீர். குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல்லின்மேல் அமைந்த நிலம். மழை நீர் கல்லின் வெடிப்புகளில் இறங்கி நிலத்தடியில் ஓடிக் கடலோரத்தில் ஊற்றாக வெளிப்படுகிறது. யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை என்பார்கள். இருக்கிறது, அது நிலத்துக்குக் கீழே ஓடுகிறது என்று எங்கள் புவியியல் ஆசிரியர் சொல்வார். அந்தச் சுண்ணாம்புக்கல்லே சீமெந்து ஆலைக்கு மூலப்பொருள். களிமண் மன்னார்ப் பகுதியிலுள்ள முருங்கனிலிருந்து வந்தது. ஆலை எழுப்பிய வெண்தூசி வீதியோரத்து இலைகளில் படிந்திருக்கும். கல் அகழ்ந்த பெருங்குழிகளை எட்டிப்பார்த்துவிட்டு நாங்கள் கடலுக்குப் போவோம். குடிநீரைத் தாங்கி நிற்கும் கல்லும் வீடு கட்ட உடைபடும் கல்லும் ஒன்றே என்ற சிக்கலை அந்த வயதில் நாங்கள் சிந்திக்கவில்லை.

ஓர் ஐப்பசி அமாவாசை நன்றாக நினைவிருக்கிறது. எங்களில் ஒருவன் அவ்வாண்டுதான் தந்தையை இழந்திருந்தான். அவனுடைய மாமனார் அவனைக் கீரிமலைக்கு அழைத்து வந்திருந்தார். நாங்கள் மூவரும் நீந்தும் எண்ணத்தோடு போய்ச் சேர்ந்தபோது, தர்ப்பை மோதிரம் அணிந்த விரல்களோடு அவன் குருக்களின் முன்னால் அமர்ந்திருந்தான். பதினாறு வயது. நாங்கள் மதிலோரம் ஒதுங்கி நின்றோம். எள்ளும் நீரும் இறைத்து, கடலில் மூழ்கி, பின் கேணியில் மூழ்கி எழுந்தவன் எங்களைப் பார்த்து, "டேய், இன்னும் இறங்கேல்லையோ?" என்றான். அதன்பின் நால்வரும் நண்பகல்வரை நீந்தினோம். மாமனார் கரையில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். போதும் என்று அவர் சொல்லவேயில்லை.

நீந்திய பின் பசி. அருகில் யாருடைய வீடு இருக்கிறதோ அங்கே போவோம். முன்னறிவித்தல் எதுவும் கிடையாது. அந்நாளில் தொலைபேசி எத்தனை வீடுகளில் இருந்தது? படலையைத் திறந்ததும் நண்பனின் தாயார், "என்ன தம்பியவை, வெயிலுக்குள்ளாலை வாறியள்? கால் கழுவிப்போட்டு வந்திருங்கோ" என்பார். அடுப்பில் இருந்தது எதுவோ அதில் பங்கு. ஒடியற்கூழ் காய்ச்சும் நாளாக அமைந்துவிட்டால் அதிட்டம். மயிலிட்டியில் கரைசேர்ந்த மீனும் நண்டும் இறாலும், பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் மரவள்ளியும், செத்தல் மிளகாய் அரைத்த கூட்டும் புளியும் சேர்ந்து ஒடியல் மாவில் கொதிக்கும். பனையோலையைக் கோலிச் செய்த பிளாவில் ஊற்றிக் கொடுப்பார்கள். மரநிழலில் வட்டமாக அமர்ந்து குடிக்கவேண்டும். கூழ் தனியாகக் குடிக்கும் உணவன்று. நான்கு பேர் கூடாமல் அதைக் காய்ச்சுவதில்லை.

ஆயினும் எல்லாப் படலைகளும் எங்கள் எல்லோருக்கும் திறக்கவில்லை. அக்காலத்தை இனிமையாக மட்டும் எழுதினால் அது பொய்யாகிவிடும். எங்கள் கூட்டத்தில் ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஒருவன் இருந்தான். கணிதத்தில் எங்களெல்லோருக்கும் மேலானவன். வழியிலிருந்த ஒரு சந்தித் தேநீர்க்கடையில் எங்களுக்குக் கண்ணாடிக் குவளையில் தேநீர் வந்தது. அவனை அடையாளங்கண்ட கடைக்காரர், அவனுக்கு வெளியே வைத்துத் தகரப்பேணியில் ஊற்ற முனைந்தார். "எனக்குத் தாகமில்லை" என்று சொல்லிவிட்டு அவன் சைக்கிளடியில் போய் நின்றான். எங்கள் குவளைகளும் அப்படியே இருந்தன. அடுத்த போயா முதல் ஒருவன் வீட்டிலிருந்து சுடுதண்ணிப் போத்தலில் தேநீர் கொண்டுவரத் தொடங்கினான். கடற்கரையில் அமர்ந்து, போத்தலின் ஒரே மூடியில் மாறி மாறிக் குடித்தோம். அதை நாங்கள் போராட்டம் என்று எண்ணவில்லை.

ஆனால் போராட்டம் அப்போது எங்களைச் சுற்றிலும் நடந்துகொண்டிருந்தது. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 இலேயே நிறைவேறியிருந்தும் நடைமுறையில் மாற்றம் அரிதாகவே இருந்தது. 1966 ஒக்டோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இடதுசாரிகள் நடத்திய ஊர்வலம் நாங்கள் சைக்கிள் மிதித்த அதே காங்கேசன்துறை வீதியில்தான் சென்றது. 1967 இல் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவாயிற்று. தேநீர்க்கடைகளுக்குள் நுழையும் போராட்டங்கள் பல ஊர்களில் நடந்தன, உயிர்களும் போயின. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசம் கோரிச் சத்தியாக்கிரகம் நடந்தது. அதனை எதிர்த்து முன்னின்றவர் சி. சுந்தரலிங்கம், கணிதப் பேராசிரியராகவும் அமைச்சராகவும் இருந்தவர். நாங்கள் இறங்கிக் கும்பிட்ட அதே வாசலில் எங்கள் நண்பனின் உறவினர்கள் வெயிலில் அமர்ந்திருந்தார்கள். அதற்குப் பிறகு, கதவு எல்லோருக்கும் திறக்கும்வரை அங்கே இறங்குவதில்லை என்று நால்வரும் முடிவு செய்தோம். எந்த இடத்துக்கு யார் போகலாம் என்ற கேள்வியை, இராணுவம் அந்தக் கடற்கரையில் கேட்பதற்கு முன்னரே, நம் சமூகம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

மாலையில் துறைமுகத்துப் பக்கம் போவோம். புகையிரதப் பாதை கடலை நெருங்கி முடிவடையும் காட்சியே எங்களுக்கு ஒரு வேடிக்கை. 1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய யாழ்தேவி கொழும்பிலிருந்து வந்து அங்கேதான் ஓய்வெடுக்கும். பெட்டிகளிலிருந்து இறங்குபவர்களைப் பார்த்து, இவர் எழுதுவினைஞர், இவர் கடைமுதலாளி, இவர் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர் என்று ஊகிப்போம். யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் 1974 இல்தான் வந்தது. எங்கள் காலத்தில் மேற்படிப்பு என்றால் அந்தப் புகையிரதத்தில் ஏறுவதே. ஆகவே பாதை முடியும் இடம் எங்களுக்குத் தொடங்கும் இடமாகவும் தோன்றிற்று. கச்சான் வாங்கிக் கொறித்துக்கொண்டு வெளிச்சவீட்டின் விளக்கு சுழலத் தொடங்கும்வரை இருப்போம். பௌர்ணமிப் போயாவானால் திரும்பும் வழிக்கு நிலவே விளக்கு. இல்லையேல் டைனமோ.

அந்தப் பருவம் எங்களுக்குப் போரினால் முடியவில்லை; அதற்கு முன்பே சுருங்கத் தொடங்கிவிட்டது. 1971 இல் போயா வாரம் போனது. அதே ஆண்டில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது. முன்பு போதுமாக இருந்த புள்ளி தமிழ் மாணவனுக்குப் போதாமற்போனபோது, சனி ஞாயிறுகளை ரியூசன் கொட்டில்கள் எடுத்துக்கொண்டன. இன்னொரு புறத்தில் 1970 இல் தமிழ் மாணவர் பேரவை தோன்றியிருந்தது. சைக்கிளில் கூடிய பையன்கள் கடலைப் பற்றிப் பேசியது குறைந்து, உரிமையைப் பற்றிப் பேசலானார்கள். எனக்குப் பின் வந்த வகுப்புகளில், ஓய்வு நாளில் நால்வர் சேர்ந்து எங்கோ போகிறார்கள் என்றாலே பெற்றோர் அச்சங்கொள்ளும் காலம் வந்தது. சில ஆண்டுகளில் காவல் துறையும் ஐயங்கொண்டது. நான் பத்திரிகைத் தொழிலில் சேர்ந்து ஊர்ச் செய்திகள் எழுதத் தொடங்கிய வேளையில், சுற்றிவளைப்பு என்ற சொல் நாளாந்தச் சொல்லாகிவிட்டிருந்தது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது யாழ்தேவி நின்றது. சீமெந்து ஆலையின் உற்பத்தியும் நின்றது; அது மீளத் தொடங்கவில்லை. பலாலி விமானத்தளத்தையும் காங்கேசன்துறைத் துறைமுகத்தையும் சுற்றியிருந்த வலிகாமம் வடக்கு ஊர்களிலிருந்து மக்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியேறினர். சில நாளில் திரும்பலாம் என்று எண்ணிப் போனவர்கள் பலர் முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் கால் நூற்றாண்டைக் கழித்தார்கள். காங்கேசன்துறை நடேஸ்வராக் கல்லூரி வேறிடத்தில் இயங்கி, 2016 இல்தான் தன் சொந்த மண்ணுக்குத் திரும்பிற்று. 1990 இல் முதலாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை தன் பள்ளிப் பருவம் முழுவதையும், வீட்டிலிருந்து சில கல் தொலைவிலுள்ள கடலைப் பார்க்காமலே முடித்தது. மாவிட்டபுரத்துக்கும் கீரிமலைக்கும் போவது நெடுங்காலம் தடைப்பட்டிருந்தது, அல்லது படையினரின் அனுமதிக்கு உட்பட்டிருந்தது.

இதில் ஒரு கொடிய முரண் உண்டு. 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்ட பின், யாழ்ப்பாணத்திலிருந்து வெளியே போக விரும்பிய பொதுமக்களுக்கு இருந்த வழிகளில் ஒன்று காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்குப் போகும் கப்பல். அதற்கு விண்ணப்பித்து, படையினரின் அனுமதி பெற்று, சோதனைகளைக் கடந்து, படையினரின் பொறுப்பில் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லப்பட வேண்டும். பல்கலைக்கழகம் செல்லும் மாணவர்களும் அவ்வாறே போனார்கள். அவர்களும் காங்கேசன்துறைக் கடலைப் பார்த்தார்கள்தான். ஆனால் அதைக் கண்டது கூண்டிலிருந்து வெளியேறும் வாசலாக. எங்களுக்கு நாள் முடியும் இடமாக இருந்த கரை, அவர்களுக்கு ஊரைவிட்டு நீங்கும் இடமாயிற்று.

2009 இல் போர் முடிந்தது. காணிகள் உடனே திரும்பவில்லை. 2010 ஐத் தொடர்ந்த ஆண்டுகளில் கட்டங்கட்டமாகச் சில பகுதிகள் விடுவிக்கப்பட்டன. ஆனால் உரிமையாளர்கள் தங்கள் வளவுக்குப் போக முடியாதிருந்த அதே ஆண்டுகளில், காங்கேசன்துறைக் கடலோரத்தில் இராணுவம் நடத்திய தல்செவன என்ற விடுதி சுற்றுலாப் பயணிகளை வரவேற்றது. பனை நிழல் என்பது அச்சிங்களப் பெயரின் பொருள். பனையை நட்டவன் முகாமில் இருக்க, அதன் நிழலுக்கு வாடகை வாங்கப்பட்டது. 2014 ஒக்டோபர் 13 இல் யாழ்தேவி யாழ்ப்பாணத்தை மீண்டும் அடைந்தது; 2015 ஜனவரி 2 இல் பாதை காங்கேசன்துறைவரை நீண்டது. 2017 இல் மயிலிட்டித் துறைமுகம் மீனவர்களிடம் மீண்டது. 2023 ஒக்டோபர் 14 இல் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கிச் சில நாட்களில் இடைநின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடிற்று. அறுபது கடல் மைல், ஏறத்தாழ நான்கு மணி நேரம். நாங்கள் கரையிலிருந்து கற்பனை செய்த மறுகரை அது.

போயா நாளும் அந்தக் கரைக்கு வேறு வடிவில் திரும்பி வந்திருக்கிறது. காங்கேசன்துறைக்கு அருகேயுள்ள தையிட்டியில், தங்களுடைய தனியார் காணியில் விகாரை கட்டப்பட்டிருப்பதாகக் கூறும் உரிமையாளர்கள் 2023 முதல் போயா நாட்களில் அங்கே கூடிப் போராடினார்கள். அச்செய்திகளைப் படிக்கும்போதெல்லாம், அதே நாளில் அதே ஊர் வழியாக எவருடைய அனுமதியுமின்றிச் சைக்கிளில் போனவன் என்ற முறையில் மனம் கனக்கிறது.

புகையிரதம் மீண்ட பின்னர் ஒருமுறை ஊருக்குப் போயிருந்தேன். ஓய்வு நாளொன்றில் யாழ்ப்பாண நிலையத்தில் ஏறினேன். பெட்டி நிறையப் பிள்ளைகள். ஆண்களும் பெண்களும் கலந்து. கடற்கரைக்குப் போவதைத் தவிர வேறு நோக்கம் அவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. பெண் பிள்ளைகள் தோழியரோடு தனியாக வந்திருந்ததை எங்கள் காலத்தில் காணவில்லை; இது வரவேற்கவேண்டிய மாற்றம். கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டார்கள். ஐஸ்பழம் வாங்கினார்கள். முட்கம்பி வேலி இருந்த பக்கம் அவர்கள் திரும்பவில்லை. வேலிக்கு அப்பால் என்ன இருந்தது என்பதைச் சொல்ல அவர்களோடு யாரும் வந்திருக்கவில்லை. அவர்களுடைய பெற்றோர் அந்த இடத்தில் மாணவராக உலாவியதில்லை. இடையில் ஒரு தலைமுறை விடுபட்டுப்போயிற்று. இடம் திரும்பக் கிடைத்தாலும், எந்தப் படலை யாருடையது, எந்த ஒழுங்கை எந்தக் கிணற்றடிக்குப் போகும், எந்தக் கடையில் யாருக்குத் தேநீர் மறுக்கப்பட்டது என்ற அறிவு தானாகத் திரும்புவதில்லை. அதை அறிந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். பாதிப்பேர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருக்கிறார்கள்.

பத்திரிகைத் தொழிலில் அமைதியை அளக்க எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட அளவுகோல்கள் பல: ஒப்பந்தம், தேர்தல், விடுவிக்கப்பட்ட ஏக்கர், திறக்கப்பட்ட வீதி. அவற்றோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். ஓய்வு நாளில் பதினாறு வயதுப் பிள்ளை ஒருவர், எந்தச் சாதியினராயினும், ஆணாயினும் பெண்ணாயினும், நண்பரோடு எவ்வளவு தூரம் போகலாம்; எந்த வீட்டில் கால் கழுவி உட்காரலாம்? 1968 இல் எங்களில் மூவர் எங்கும் போகலாம். ஒருவன் போகமுடியாத இடங்கள் இருந்தன. 1998 இல் நால்வருமே போயிருக்க முடியாது. இன்று கடல்வரை போகலாம், வேலிவரை போகலாம். புரட்டாசி முடிந்து வாடை தொடங்குவதற்கு இடைப்பட்ட அந்தச் சில வாரங்களில் காங்கேசன்துறைக்குப் போகும் பிள்ளைகள், வீட்டில் முதியவர் இருந்தால் அவரையும் ஒருமுறை அழைத்துப் போகட்டும். அவருக்கு வழி தெரியும்.